சாலட் இலைகளுக்குச் சூடு ஆகாது

வீட்டில் லெட்டூஸ் வளர்க்கத் தொடங்கியவர்களின் புகார்கள் பெரும்பாலும் ஐந்துதான். விதை முளைக்கவில்லை. முளைத்தது நூல்போல நீண்டு சாய்ந்துவிட்டது. இலை கசக்கிறது. வேர் பழுப்பாகி நாறுகிறது. நடுவில் இருக்கும் இளம் இலைகளின் ஓரம் கருகுகிறது. இந்த ஐந்துக்கும் எல்லோரும் முதலில் கைவைப்பது உரத்தில். கூட்டிப் பார்க்கிறார்கள், குறைத்துப் பார்க்கிறார்கள், வேறு உரம் வாங்கிப் பார்க்கிறார்கள். நூல்போல நீளுவது வெளிச்சம் போதாததால். மற்ற நான்கையும் தோண்டிப் பார்த்தால் அடியில் சூடு இருக்கும், அல்லது காற்று ஓடாத புழுக்கம் இருக்கும்.

லெட்டூஸ் குளிர்ந்த பருவத்துப் பயிர். 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகமான வெப்பம். 25ஐத் தாண்டினால் தாங்கிக்கொள்ளும். 28, 30 என்று ஏறும்போது இலை விடுவதை விட்டுவிட்டுப் பூப்பதற்கு அவசரப்படும். மண்ணில் வளர்த்தாலும் தண்ணீரில் வளர்த்தாலும், 150 வருடப் பழைய ரகமானாலும் போன வருடம் வந்த ரகமானாலும், இந்தக் கணக்கு மாறுவதில்லை. சூட்டை எந்த இடத்தில் எப்படித் தணிப்பது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

விதை தூங்கிவிடும்

ஒரு கிராம் லெட்டூஸ் விதையில் ஏறக்குறைய 800 முதல் 1000 விதைகள் இருக்கும். அவ்வளவு சிறியது. ஆனாலும் அதற்குள் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சம், மற்றது வெப்பம்.

பல ரகங்களின் விதை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். விதைக்குள் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியைப் பார்த்தால் முளைக்கச் சொல்கிறது. அகச்சிவப்பை ஒட்டிய தொலைசிவப்பு ஒளியைப் பார்த்தால் நிறுத்தச் சொல்கிறது. 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் இந்த மாற்றி மாற்றி நடக்கும் விளையாட்டைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பயன்பட்டது கிராண்ட் ராபிட்ஸ் என்ற பழைய லெட்டூஸ் ரகத்தின் விதை. தாவரவியலின் ஒரு பெரிய கண்டுபிடிப்பை ஒரு கிண்ணம் சாலட் விதை தந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. வீட்டில் விதைப்பவருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: லெட்டூஸ் விதையை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். ஈரமான கலவையின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தி, விதை பாதி தெரியும் அளவுக்கு மேலே கொஞ்சம் கலவையைத் தூவினால் போதும். 3 மில்லிமீட்டருக்கு மேல் மூடக் கூடாது.

வெப்பம் இரண்டாவது காவல். ஈரமான விதையைச் சுற்றி 28 முதல் 30 டிகிரிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான ரகங்கள் முளைக்காமல் உறங்கிவிடும். விதை சாகவில்லை, காத்திருக்கிறது. பலரும் இந்த நேரத்தில்தான் கெட்ட விதை என்று பாக்கெட்டைத் தூக்கிப் போடுகிறார்கள்.

தாண்டும் வழி எளிது. டிஷ்யூ காகிதத்தை நனைத்து, பிழிந்து, மடித்து, அதன்மேல் விதைகளைப் பரப்பி, மூடியுள்ள ஒரு டப்பாவில் வையுங்கள். காகிதம் பளபளவென்று நீர் தேங்காமல், விரலை வைத்தால் ஈரம் மட்டும் ஒட்ட வேண்டும். இதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு, வெளிச்சமுள்ள, முடிந்தவரை குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஒன்றிரண்டு நாளில் விதையின் கூரான முனை பிளந்து வெள்ளை நூல் ஒன்று எட்டிப்பார்க்கும். அந்த வேர்முனை வெளியே வந்த பிறகு சூடு முளைப்பைத் தடுக்காது. வேர் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே, நனைத்த பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டெடுத்து நட்டுவிட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தாண்டி வளரவிட்டால் வேர் காகித இழையில் பின்னிக்கொள்ளும்; பிரித்தால் அறுந்துவிடும்.

நேரடியாக விதைப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. விதை ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும் முதல் சில மணி நேரம்தான் சூட்டுக்கு மிகவும் பயப்படும் நேரம். பிற்பகல் கழிந்து விதைத்துத் தண்ணீர் விட்டால் அந்த நேரம் இரவில் போய் விழும். காலையில் விதைத்தால் உச்சிவெயில் சரியாக அதன் தலைமேல் இறங்கும்.

பழைய ரகம் என்றால் என்ன

பாரம்பரிய ரகம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. கலப்பினம் அல்லாதது, இயற்கையாக மகரந்தம் சேர்ந்து தாயைப் போலவே பிள்ளையைத் தருவது, கைமாறிக் கைமாறி வந்தது, குறைந்தது 50 வருடப் பழையது என்று பொதுவாகச் சொல்வார்கள். எஃப்1 என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அது முதல் தலைமுறைக் கலப்பு. அதன் விதையை எடுத்து விதைத்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும்.

லெட்டூஸ் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். லெட்டூஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பயிர். அதனால் வீட்டுத் தோட்டத்துக்கு விற்கும் லெட்டூஸ் ரகங்கள் அநேகமாக எல்லாமே, புதியவை உட்பட, விதையிலிருந்து அப்படியே திரும்ப வருபவை. விதை சேமிக்கும் வசதிக்காக மட்டும் பாரம்பரிய லெட்டூஸுக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. பழைய ரகத்தைத் தேடுவதற்கான உண்மையான காரணங்கள் சுவையும் வடிவமும்தான்.

மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் ஒரு பக்கம், பாரம்பரிய ரகம் மறுபக்கம் என்று எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலே சொன்ன கிராண்ட் ராபிட்ஸ், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணாடிக் கூரைக்குள் குளிர்காலத்தில் வளர்ப்பதற்கென்றே உருவானது. குறைந்த வெளிச்சத்தையும் நெருக்கத்தையும் தாங்கும் குணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. உட்புறத்தில் விளக்கின் கீழ் வளர்ப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான பழைய ரகம் கிடைப்பது கஷ்டம்.

தண்ணீரில் வளர்ப்பதற்குத் தலை கட்டாத உதிரி இலை ரகங்களையே முதலில் எடுங்கள். பிளாக் சீடட் சிம்ப்சன் வெளிர்பச்சையாக, சுருள் சுருளாக, 45 நாளில் பறிக்கத் தயாராகும். ஓக்லீஃப் மெல்ல வளரும்; ஆனால் சூடு ஏறும்போது மற்றவற்றைவிடத் தாமதமாகக் கசக்கும். டீர் டங் என்பது மான் நாக்கு வடிவ இலை; தடிப்பானது, எளிதில் வாடாது. டாம் தம் தலை கட்டும் ரகம்தான், ஆனால் கைக்குள் அடங்கும் குட்டித் தலை. சின்ன ஜாடிக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். ஆஸ்திரிய ரகமான ஃபோரெல்லென்ஷ்லுஸின் பச்சை இலையில் தெளித்துவிட்டதுபோலச் சிவப்புப் புள்ளிகள். மெர்வேய் தெ கத்ர் செசோன் என்ற பிரெஞ்சு ரகத்தின் பெயருக்கு நான்கு பருவங்களின் அற்புதம் என்று பொருள். பெயரை நம்பிக் கடுங்கோடையில் விதைக்காதீர்கள், நிற்காது.

சிவப்பு ரகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. பலமான வெளிச்சமும் குளிர்ச்சியும் இருந்தால்தான் அது இலையில் ஏறும். மங்கலான இடத்தில் ரூஜ் டிவேர் என்ற சிவப்பு ரகத்தைப் போட்டால் ஓரத்தில் மட்டும் செம்மை படிந்த பச்சை லெட்டூஸ்தான் கிடைக்கும். ரகம் ஏமாற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம், விளக்கை இறக்கி வையுங்கள்.

ஐஸ்பெர்க் மாதிரி இறுகிய தலை கட்டும் ரகங்களை வீட்டில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. 75, 80 நாள் தொடர்ந்து குளிர்ச்சி வேண்டும். நடுவில் ஒரு வாரம் சூடு ஏறினாலும் தலை கட்டாது.

பம்பு இல்லாத ஜாடி

தண்ணீரில் வளர்க்கும் முறைகள் பல. வேரின்மேல் மெல்லிய படலமாக நீர் ஓடும் என்எஃப்டி முறை, தொட்டி நீரில் வேர் மூழ்கிக் காற்று பம்பு குமிழ் விடும் முறை என்று உண்டு. முதலாவதில் மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் சூடான நாளில் சில மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். முதல் முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது கிராட்கி முறைதான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி செம்மைப்படுத்தியது. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது, நகரும் பாகம் எதுவும் கிடையாது.

ஒரு செடிக்கு 4 லிட்டர் கொள்ளளவு. வாயில் 5 சென்டிமீட்டர் நெட் பாட், அதாவது வேர் வெளியே வர ஓட்டைகள் உள்ள குட்டிக் கிண்ணம், உட்காரும்படி ஒரு மூடி. நெட் பாட்டில் நாற்று நிற்கும் சிறு ஸ்பாஞ்ச் துண்டு, அதைச் சுற்றிச் சுட்ட களிமண் உருண்டைகள். ஜாடியில் சத்து நீரை நிரப்பும்போது நெட் பாட்டின் அடி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் நனைய வேண்டும். அவ்வளவுதான் அமைப்பு.

இனி நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இறங்கும் நீரைத் துரத்திக்கொண்டு வேரும் இறங்கும். இரண்டு வாரம் கழித்து மூடியைத் தூக்கினால் இரண்டு விதமான வேர்கள் தெரியும். நீருக்குள் நீளமாக, வழவழப்பாகத் தொங்குபவை ஒரு வகை. நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள ஈரக் காற்றில் குட்டையாக, கிளைத்து, பஞ்சுபோல ரோமம் படர்ந்து நிற்பவை இன்னொரு வகை. அந்தப் பஞ்சு வேர்கள்தான் செடிக்கு மூக்கு. நேரடியாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்பவை அவை.

இந்த முறையில் அதிகம் நடக்கும் தவறும் இங்கேதான். நீர் குறைந்துவிட்டதே என்று பரிதாபப்பட்டு ஜாடியை மறுபடி விளிம்புவரை நிரப்பிவிடுவார்கள். காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கும். ஒன்றிரண்டு நாளில் செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாடியின் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். பஞ்சு வேர்களில் பெரும்பகுதி வெளியே இருக்கட்டும். 4 லிட்டர் ஒரு செடிக்குப் பெரும்பாலும் நாலைந்து வாரம், அதாவது அறுவடைவரை போதும்.

ஜாடி கண்ணாடியானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஒளி புகக் கூடாது. ஒளி புகுந்தால் பச்சைப்பாசி படியும். அது சத்தையும் எடுக்கும், செத்து அழுகும்போது ஆக்சிஜனையும் எடுக்கும். ஜாடியின் வெளிப்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை என்று இரண்டு பூச்சு அடிப்பது நல்லது. கறுப்பு ஒளியை மறைக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்பை மட்டும் அடித்து வெயிலில் வைத்தால் ஜாடி கொதிக்கும். மூடியில் இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும். தேங்கிய நீர் அதற்கு விருந்து. நெட் பாட் இறுக்கமாக உட்கார வேண்டும். மற்ற ஓட்டைகளைக் கொசுவலைத் துண்டால் மூடுங்கள்.

சத்து நீருக்கு மூன்று பொருள். என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) 4-18-38 என்று போட்ட, நுண்சத்துகள் சேர்ந்த ஹைட்ரோபோனிக் உரம், எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்ஃபேட், கால்சியம் நைட்ரேட். ஒரு லிட்டருக்கு முறையே 0.6 கிராம், 0.3 கிராம், 0.6 கிராம் என்பது பரவலாகக் கையாளும் முழு அளவு. 20 லிட்டருக்கு 12, 6, 12 கிராம். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. சிறு அளவில் கலக்காமல் 20 லிட்டராகக் கலந்து மூடி, இருட்டில் வைத்துக்கொள்வது மேல்.

வரிசை முக்கியம். முதலில் தொட்டியில் நீரை நிரப்புங்கள். என்பிகே உரத்தைப் போட்டு முழுக்கக் கரையுங்கள். பிறகு எப்சம் உப்பு, அதுவும் கரைய வேண்டும். கடைசியில் கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகக் கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றுங்கள். மூன்று பொடியையும் ஒரே டம்ளரில் போட்டுக் கலக்கினால் நீர் மோர்போல வெளுக்கும். கால்சியம், சல்ஃபேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகவும், பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகவும் மாறி அடியில் படிந்துவிட்டது என்று அர்த்தம். அதை எவ்வளவு கலக்கினாலும் திரும்பக் கரைக்க முடியாது, கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் கலக்க வேண்டும்.

மேலே சொன்ன முழு அளவு, கரைந்த உப்பை மின்கடத்தலால் அளக்கும் ஈசி மீட்டரில் 1.5 முதல் 1.8 வரை காட்டும்; உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே உள்ள உப்பு அதற்கு மேல். லெட்டூஸுக்கு 1.0 முதல் 1.6 போதும். சூடான நாட்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவே கலக்குங்கள். சூட்டில் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கும். அதனால் மீதி நீரில் உப்பு நாளுக்கு நாள் கெட்டியாகும். மீட்டர் எண் ஏறிக்கொண்டே போனால் கலவை கெட்டி, வெறும் நீர் ஊற்றுங்கள். இறங்கிக்கொண்டே போனால் செடிக்குப் பசி. அதே உப்பைப் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில மீட்டர்கள் ஈசியை 500ஆலும் சில 700ஆலும் பெருக்கிப் பிபிஎம் காட்டும். அதே ஈசி 1.4 ஒன்றில் 700 என்றும் இன்னொன்றில் 980 என்றும் வரும். பிறர் சொல்லும் பிபிஎம் எண்ணை அப்படியே பின்பற்றிச் செடியைக் கருக்கியவர்கள் உண்டு. ஈசியில் பேசுவதே பாதுகாப்பு.

நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். அதற்கு மேலே போனால் இரும்பு கிடைக்காமல் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து இரும்பு உரம் ஊற்றாதீர்கள், பிஎச்சை இறக்குங்கள். பாஸ்பாரிக் அமிலத்தில் செய்த பிஎச் டவுன் நிலைத்து நிற்கும். எலுமிச்சையோ வினிகரோ விட்டால் இறங்கும். ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று முடித்ததும் இரண்டொரு நாளில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும். உப்பு போட்டு மென்னீராக்கிய தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள், அதில் சோடியம் ஏறியிருக்கும்.

வேரில் சூடு, இலையில் புழுக்கம்

20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 7.5தான் நிற்கும். அதே நேரம் சூட்டில் வேர் மூச்சு விடுவதும் வேகமாகும். தேவை கூடுகிறது, இருப்பு குறைகிறது. இந்த இடுக்கில்தான் பித்தியம் என்ற அழுகல் நுழைகிறது. ஆரோக்கியமான வேர் வெள்ளையாக, அல்லது உரத்தின் சாயத்தில் லேசான பழுப்பாக இருக்கும். இழுத்தால் விறைப்பாக நிற்கும். நோய்ப்பட்ட வேரை இரு விரலால் உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும். சேற்று நாற்றம் வரும். அந்தச் செடியை மீட்கலாம் என்று நேரம் செலவழிக்க வேண்டாம். எடுத்துப் போட்டு, ஜாடியையும் உருண்டைகளையும் ப்ளீச் கலந்த நீரில் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

வராமல் தடுப்பது சுலபம். நீரை 18 முதல் 22 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள், 25ஐத் தாண்டவிடாதீர்கள். தரையில் நேராக வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். தனித்தனி ஜாடிகளுக்குப் பதில், மூடியில் ஐந்து துளை போட்ட 20 லிட்டர் பெட்டி நல்லது. நீர் அதிகமாக இருந்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும். தெர்மோகோல் பெட்டி இன்னும் நல்லது. மிகச் சூடான நாளில், மூடி இறுக்கமான பாட்டிலில் நீரை உறையவைத்துப் பெட்டிக்குள் மிதக்கவிடலாம்.

இலை ஓரம் கருகுவதுதான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. வெளி இலைகள் பச்சைப்பசேலென்று இருக்கும். நடுவை விரித்துப் பார்த்தால், கட்டைவிரல் அளவுள்ள இளம் இலைகளின் விளிம்பில் நனைந்த காகிதம்போல ஒரு பழுப்புக் கோடு. சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று படித்துவிட்டுக் கால்சியத்தைக் கூட்டுவார்கள். நீரில் கால்சியம் தேவைக்கு மேலேயே இருக்கும். செடிக்குள் கால்சியம் நீரோட்டத்தோடு மட்டும்தான் மேலே போகும். எந்த இலை அதிகம் ஆவியாக்குகிறதோ அதற்குப் போகும். நடு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று மூடிப் புழுக்கத்தில் இருப்பதால் ஆவியாக்குவதில்லை. அதனால் அவற்றுக்குக் கால்சியம் போய்ச் சேர்வதில்லை. மருந்து ஒரு சின்ன மின்விசிறி. மேலிருந்து, நடு இலைகள் மெல்ல அசையும் அளவுக்குக் காற்று வர வேண்டும். அதோடு விளக்கு நேரத்தை 16 மணியிலிருந்து 13, 14 மணிக்குக் குறைத்து வளர்ச்சி வேகத்தைத் தணியுங்கள்.

விளக்கு என்றால் வெள்ளை எல்இடியே போதும், ஊதா விளக்கு தேவையில்லை. இலை மட்டத்தில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 முதல் 250 மைக்ரோமோல் ஒளி 14 முதல் 16 மணி நேரம் கிடைத்தால் நல்ல விளைச்சல். மீட்டர் இல்லாதவர்கள் செடியைப் பார்த்தே அறியலாம்: இலைக்காம்பு நீண்டு, இலை மேல்நோக்கி எட்டினால் விளக்கைத் தாழ்த்துங்கள். இலை சுருண்டு விளிம்பு கீழே மடிந்தால் உயர்த்துங்கள். வெயிலில் வைப்பவர்களுக்குக் காலை வெயில் நான்கைந்து மணி நேரமும், அதன்பின் 30 முதல் 50 சதவீத நிழல்வலையும் ஏற்ற ஏற்பாடு.

எல்லாவற்றையும் தண்ணீரில் போட வேண்டியதில்லை

முள்ளங்கியும் கேரட்டும் ஜாடிக்கு ஆகாது. கிழங்கு பருக்க மண் அணைப்பு வேண்டும். முள்ளங்கிக்கு 15 சென்டிமீட்டர் ஆழத் தொட்டி போதும். கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள் நான்கு பங்கு, மண்புழு உரமோ மக்கிய கம்போஸ்டோ மூன்று பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகள் அல்லது ஆற்றுமணல் மூன்று பங்கு. கோகோபீட்டை இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசாமல் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு இளவேரைச் சுடும். பிரெஞ்சு பிரேக்ஃபாஸ்ட், செர்ரி பெல் போன்ற சிறிய ரகங்கள் 25 முதல் 30 நாளில் தயார். செடிக்குச் செடி 4 சென்டிமீட்டர் விடுங்கள். இலை மட்டும் தழைத்துக் கிழங்கு எலிவால்போல இருந்தால் நெருக்கமும் தழைச்சத்து மிகுதியும் காரணம். பறிக்க ஒரு வாரம் தாமதித்தாலும் உள்ளே பஞ்சாகிவிடும். கீரை வகையில் ஸ்பினச் தண்ணீரில் அடிக்கடி வேரழுகலில் போகும். அதையும் மண்ணில் போடுவதே நல்லது. ராக்கெட் (அருகுலா) இலை மண்ணிலும் வரும் தண்ணீரிலும் வரும், நான்கு வாரம்.

தக்காளி வேறு உலகம். பாரம்பரிய ரகங்களில் பிராண்டிவைன், செரோக்கி பர்பிள் என்று புகழ்பெற்றவை எல்லாம் பெரிய கொடிகள், பெரிய பழங்கள். பிராண்டிவைன் நட்டதிலிருந்து பழுக்க 80 முதல் 100 நாள் எடுக்கும். காய்ப்பு குறைவு, பழம் வெடிக்கும். புதிய கலப்பினப் பாக்கெட்டில் வி, எஃப், என் என்று போட்டிருக்கும் நோய் எதிர்ப்புக் குறிகள் பெரும்பாலான பழைய ரகங்களுக்குக் கிடையாது. சுவைக்காக இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம், பொறுத்துக்கொள்ளத் தகுந்த சுவைதான். ஆனால் குறைந்தது 20 லிட்டர் தொட்டி, ஆறு மணி நேர நேர்வெயில், உறுதியான கம்பு இல்லாமல் இறங்காதீர்கள். முதிர்ந்த செடி சூடான நாளில் 2 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதனால்தான் ஜாடி முறை இதற்குத் திணறுகிறது. தண்ணீரில்தான் வளர்ப்பேன் என்பவர்கள் சிறிய செர்ரி ரகத்தை, பெரிய தொட்டியில், காற்று பம்போடு, ஈசி 2.0க்கு மேல் வைத்து வளர்க்கலாம். இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் பூ உதிரும். அதற்கு மருந்தடிக்காமல் இரவு குளிரும்வரை பொறுத்திருங்கள்.

வெள்ளரியில் எலுமிச்சைபோல உருண்டையான லெமன் வெள்ளரி அழகான பழைய ரகம். பெரும்பாலான பழைய வெள்ளரிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். தேனீ வராத இடத்தில் காலையில், பூ விரிந்த சில மணி நேரத்துக்குள், ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். தடவாவிட்டால் குட்டிக் காய் மஞ்சளாகிச் சுருங்கும். காய் கசந்தால் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தட்டுப்பட்டிருக்கும்.

பறிப்பது பற்றி. வெளி இலைகளை மட்டும் ஒடித்து எடுத்தால் ஒரு செடி மூன்று நான்கு வாரம் தரும். மொத்தமாக வெட்டுவதானால் அடியிலிருந்து 3, 4 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். நடுக்குருத்து தப்பினால் மறுபடி தழைக்கும், இரண்டாவது வெட்டு முதலாவதைவிடச் சற்றுக் கசக்கும். காலையில் பறித்த இலை மொறுமொறுப்பாக இருக்கும். மங்கலான விளக்கில் வளர்ந்த இலையில் நைட்ரேட் தங்கும். அந்தச் செடிகளை மட்டும் பல மணி நேரம் வெளிச்சம் பட்ட பிறகு பறிப்பது நல்லது. ஐஸ் நீரில் கால் மணி நேரம் போட்டு, நீரை முழுக்க வடித்து, துணி விரித்த டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் பழுத்த ஆப்பிளோ வாழையோ வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவில் இலை நரம்பு துருப்பிடித்ததுபோலப் புள்ளி விழும்.

எந்தச் செடியைச் சாப்பிடாமல் விடுவது

சூடு ஏறும்போது லெட்டூஸின் நடு மெல்ல உயரும். இலைகளுக்கு நடுவே தண்டு தெரியும். அதைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். நாக்கில் வைத்தால் கசப்பு நெடுநேரம் நிற்கும். அதன்பின் அது சாலட்டுக்கு உதவாது, விதைக்கு உதவும்.

இந்த இடத்தில் கை தானாகத் தவறு செய்யும். முதலில் பூத்த செடிதான் முதலில் விதை தரும். அதை எடுத்துவைப்பது இயல்பாகத் தோன்றும். அப்படி மூன்று நான்கு தலைமுறை எடுத்தால், சீக்கிரம் பூக்கும் லெட்டூஸை நீங்களே உருவாக்கிவிட்டிருப்பீர்கள். முதலில் பூத்ததைப் பிடுங்குங்கள். பத்துப் பன்னிரண்டு செடியில் கடைசிவரை பூக்காமல், கசக்காமல், நோயில்லாமல் நின்ற இரண்டு மூன்றுக்கு நூல் கட்டிவையுங்கள். தட்டில் வைத்தால் மிகவும் ருசியாக இருக்கப்போவதும் அவைதான். ஆனாலும் அவற்றிலிருந்து இலை பறிக்காதீர்கள். ஜாடியில் இருந்தால் 8, 10 லிட்டர் மண் தொட்டிக்கு மாற்றுங்கள். விதை முற்ற இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை ஜாடி தாங்காது. செடி ஒரு மீட்டர் உயரம் போகும், கம்பு நட்டுக் கட்டுங்கள்.

மஞ்சள் பூ ஒவ்வொன்றும் ஒரே ஒரு காலை, சில மணி நேரம் மட்டும் விரியும். தன்மகரந்தம் என்பதால் இரண்டு ரகங்களை மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்தாலே கலப்பது அரிது. பூத்து இரண்டு மூன்று வாரத்தில் அதே இடத்தில் வெள்ளைப் பஞ்சு வெடிக்கும். எல்லாப் பூவும் ஒரே நாளில் முற்றாது. மூன்று நாளுக்கொரு முறை கிளையைக் காகிதப் பைக்குள் வளைத்து உலுக்குங்கள், முற்றியது மட்டும் விழும். பஞ்சை ஊதித் தள்ளி, நிழலில் இரண்டு வாரம் உலர்த்தி, ரகமும் தேதியும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று முதல் ஐந்து வருடம் முளைக்கும்.

விதைக்கும் முன் ஒரு சோதனை. இருபது விதையை எண்ணி, பத்துப் பத்தாக இரண்டு ஈரக் காகிதத்தில் பரப்புங்கள். ஒன்று 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த அறையில், மற்றது 28 டிகிரி வரை சூடேறும் அறையில். இரண்டுக்கும் வெளிச்சம் இருக்கட்டும். குளிர்ந்த காகிதத்தில் எட்டுக்கு மேல் முளைத்தால் விதை நலமாக இருக்கிறது. ஐந்துதான் என்றால் இரட்டிப்பாக விதையுங்கள். சூடான காகிதத்தில் முதல் வருடம் ஒன்றிரண்டுதான் முளைக்கும். சூட்டில் முற்றிய விதைக்குச் சூட்டில் முளைக்கும் திறன் சற்றுக் கூடும் என்பதும், அந்தத் திறனில் ஒரு பங்கு பரம்பரையாக வரும் என்பதும் ஆய்வில் தெரிந்தவை. அந்த ஒன்றிரண்டைத் தனித் தொட்டியில் நட்டு, வேறு நிறத்தில் நூல் கட்டுங்கள்.